சிறு நிதியில் ஆசிரியர் மேம்பாடும் மதிப்பீடும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப் பள்ளிகள்

ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிடப்படும் பணம் வகுப்பறையை எட்டுகிறதா என்பது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான கேள்வி. பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை, நடத்தப்பெற்ற நாட்கள், செலவான தொகை ஆகிய மூன்றும் அறிக்கைகளில் எளிதாக இடம் பெற்றுவிடுகின்றன. அப்பயிற்சியால் குழந்தைகள் கூடுதலாக எவ்வளவு கற்றனர் என்பதை அவ்வளவு எளிதில் எழுதிவிட இயலாது. பெரிய பள்ளிகளில் இக்குறை உடனே வெளிப்படாமல் போகலாம். சிறுபான்மை மொழி வகுப்புகள் நடைபெறும் எல்லைக் கிராமங்களில் ஒரு வகுப்பு நீடிப்பதும் மறைவதும்கூட அதனைப் பொறுத்து அமையலாம். கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

எல்லையின் பின்னணி

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாட்டின் களியக்காவிளை வந்துவிடும். சந்தைக்கும் திருமணத்துக்கும் மக்கள் எல்லையை எண்ணிப் பார்ப்பதில்லை. பாடநூலும் தேர்வும் ஆசிரியர் நியமனமும் எல்லையோடு மாறிவிடுகின்றன.

மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என அரசமைப்பின் 350ஏ பிரிவு கூறுகிறது. இது 1956இல் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. ஒரு பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் அம்மொழிக்கு ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என்ற நெறி 1949ஆம் ஆண்டு மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டிலேயே வகுக்கப்பட்டது. கேரளத்தில் ஆசிரியர் பணியிடங்கள், பள்ளி திறந்த பின் ஆறாம் வேலை நாளில் எடுக்கப்படும் மாணவர் கணக்கைக் கொண்டு நிர்ணயிக்கப்படும் வழக்கம் உண்டு. தமிழ்ப் பிரிவில் சில பிள்ளைகள் குறைந்தால் பணியிடம் ஆட்டங்காணும். பணியிடம் ஆட்டங்கண்டால் பெற்றோரின் நம்பிக்கை குறையும்; மறு ஆண்டு பிள்ளைகள் மேலும் குறைவர். இச்சுழலைத் தடுக்கும் வழிகளுள் கற்பித்தலின் தரம் முதன்மையானது. ஆகவே இங்கு ஆசிரியர் மேம்பாடு என்பது பிரிவின் வாழ்வோடு பிணைந்த செய்தியாகும்.

செலவின் முழுக் கணக்கு

பயிற்சிச் செலவு என்றால் பயணப்படி, உணவு, அச்சிட்ட கையேடு என்பவையே நினைவுக்கு வருகின்றன. பொருளியல் நோக்கில் இழந்த கற்பித்தல் நாட்களும் செலவேயாகும். எடுத்துக்காட்டாக, 30 ஆசிரியர்கள் பள்ளி நாட்களில் 5 நாள் பயிற்சிக்குச் சென்றால் 150 ஆசிரியர் நாட்கள் கழிகின்றன. ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர் எனக் கொண்டால் 3,000 மாணவர் நாட்களுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளியில் ஒருவர் வெளியே சென்றால் பள்ளியின் பாதி நின்றுவிடும். தமிழுக்கென ஒரே ஆசிரியர் உள்ள பிரிவில் அன்று தமிழ்ப் பாடமே நடைபெறாது.

கோடை விடுமுறையில் பயிற்சி நடத்துவது இவ்விழப்பைத் தவிர்க்கிறது. எனினும் கற்றதை உடனே வகுப்பில் செய்து பார்க்க அப்போது மாணவர் இரார். ஆதலின் விடுமுறையில் குறுகிய பயிற்சியும், பள்ளி நாட்களில் பள்ளியிலேயே வழிகாட்டுதலும் எனப் பிரித்துக் கொள்வது சிக்கனமானது. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொழில் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அவற்றுள் 20 மணியைக் கூட்டுப் பயிற்சிக்கும் 30 மணியைப் பள்ளியிலேயே நிகழும் பயிற்சிக்கும் ஒதுக்கினால் பயணச் செலவும் வகுப்பிழப்பும் ஒருங்கே குறையும்.

மதிப்பீட்டின் நான்கு படிகள்

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை வகுத்தார். பயிற்சி பெற்றவரின் மனநிறைவு முதற்படி. அவர் கற்றது இரண்டாம் படி. பணியில் அவர் நடைமுறை மாறியது மூன்றாம் படி. அதனால் விளைந்த பயன் நான்காம் படி. பயிற்சியின் இறுதி நாளில் நிரப்பப்படும் படிவம் முதற்படியை மட்டுமே அளக்கிறது. அங்கு “மிக நன்று” என்று எழுதியவர், வகுப்பில் பழைய முறையையே தொடரக்கூடும்.

மூன்றாம் படியை அளக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. பயிற்சி முடிந்த ஆறாம் வாரத்தில் தலைமையாசிரியரோ அயல்பள்ளி ஆசிரியரோ ஒரு பாடவேளை உடனிருந்து, முன்னரே முடிவு செய்த நான்கைந்து கூறுகளை மட்டும் குறித்தால் போதும். இக்குறிப்பு ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் சேரக்கூடாது. தண்டனைக்குப் பயன்படும் குறிப்பு உண்மையைக் காட்டுவதில்லை. பார்க்க வருபவருக்காக நடத்தப்படும் பாடத்தையே காட்டும்.

சிறு எண்ணிக்கையின் சிக்கல்

எட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை தேறினால் தேர்ச்சி 12.5 விழுக்காடு உயர்ந்துவிடும். அதனைப் பயிற்சியின் வெற்றி எனக் கொள்வது தவறாகும். இத்தகைய வகுப்பில் விழுக்காட்டை விட்டுப் பிள்ளைவாரிப் பதிவையே நம்ப வேண்டும். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்ற வரிசையில் ஒவ்வொரு பிள்ளையும் எந்நிலையில் உள்ளது என்பதை ஆண்டுக்கு மூன்று முறை குறிக்கலாம்.

மற்றொரு பிழையும் நேரக்கூடும். பின்தங்கிய பிள்ளைகள் ஆங்கில வழிப் பள்ளிக்கோ எல்லைக்கு அப்பாலோ சென்றுவிட்டால், எஞ்சியோரின் சராசரி தானே உயரும். எவரும் புதிதாக எதையும் கற்றிருக்க மாட்டார். ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் இருந்த எல்லாப் பெயர்களும் முடிவிலும் கணக்கில் நிற்க வேண்டும். சென்றவர் எங்குச் சென்றனர் என்பதும் பதிவாக வேண்டும்.

பயிற்சி இல்லாவிடினும் குழந்தைகள் ஓராண்டில் ஓரளவு வளர்வர். அவ்வளர்ச்சியைப் பிரித்தறிய ஒப்பீடு தேவை. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே சமயத்தில் பயிற்சியளிக்க நிதி போதாதபோது, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளை முதற்பருவத்துக்கும் மறுபாதியை இரண்டாம் பருவத்துக்கும் பிரிக்கலாம். முதற்பருவ முடிவில் இரு பாதிகளையும் ஒப்பிட்டால் பயிற்சியின் பங்கு புலப்படும். நிதிப் பற்றாக்குறையே இங்கு ஆய்வுக்குத் துணையாகிறது.

வினாத்தாளும் மொழியும்

இருமொழிச் சூழலில் அளவுகோலே தவறக்கூடும். தமிழில் ககரத்துக்கு ஓரெழுத்து, மலையாளத்தில் நான்கு. தமிழ் பயின்ற பிள்ளை மலையாளத்தில் எழுத்தை மாற்றி எழுதினால், அது அறியாமை அன்று. ஓர் எழுத்து முறையின் பழக்கம் மற்றதில் புகுவதே. “வெள்ளம்” என்பது மலையாளத்தில் தண்ணீர். பொதுத் தமிழில் பெருக்கு. “அவசரம்” மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு. மலையாள வினாத்தாளைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், கணக்கு அறிந்த பிள்ளையும் கேள்வி விளங்காமல் மதிப்பெண் இழக்கும். அந்த இழப்பு ஆசிரியரின் குறையாகப் பதிவாகும். வினாத்தாளை அச்சிடுமுன் தமிழ்ப் பிரிவு ஆசிரியர் இருவர் படித்துப் பார்ப்பது செலவற்ற பாதுகாப்பு.

கைக்கெட்டும் வளங்கள்

கோத்தாரி ஆணையம் (1964–66) பரிந்துரைத்த பள்ளித் தொகுதி முறை இங்குப் பொருந்தும். அண்மையிலுள்ள பள்ளிகளின் தமிழாசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் நடத்தும் பாடத்தை மற்றவர் கண்டு உரையாடலாம். தனித்து நிற்கும் ஆசிரியருக்குத் தம் துறையைப் பற்றிப் பேசத் துணை கிடைப்பதே பெரும் மேம்பாடு. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள வட்டார வள மையங்கள் இதற்கு இடமளிக்கலாம்.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கத் தமிழிலேயே செயல்நூல்கள் உருவாக்கப்பட்டன. பாடத்திட்டம் வேறாயினும் தொடக்க வாசிப்புக்கு அவை பயன்படும். அதே போல் விளவங்கோட்டுப் பக்கத்து மலையாளப் பிள்ளைகளுக்குக் கேரளத்தின் நூல்கள் உதவும்.

1990களின் பரவலாக்கத்துக்குப் பின் கேரளத்தின் தொடக்கப் பள்ளிகளில் ஊராட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஊராட்சித் திட்டத்தில் சிறு தொகையொன்றைத் தமிழ்ப் பிரிவுகளின் மதிப்பீட்டுக்கும் மாதக் கூட்டத்துக்கும் ஒதுக்கக் கோருவது நடைமுறைக்கு ஏற்றது.

முடிவுரை

மதிப்பீடு பயிற்சிக்குப் பின் சேர்க்கப்படும் இணைப்பன்று. பயிற்சியைத் திட்டமிடும்போதே அமைக்க வேண்டிய உறுப்பு. பிள்ளைவாரிப் பதிவு, அயல்பள்ளி ஆசிரியரின் பார்வை, குலுக்கல் வழி ஒப்பீடு, மொழி சரிபார்த்த வினாத்தாள் ஆகிய நான்கும் புதிய பணியிடம் எதனையும் கேட்பவையல்ல. ஆறாம் வேலை நாளின் கணக்கு எத்தனை பிள்ளைகள் வந்தனர் என்பதைக் கூறும். அவர்கள் என்ன கற்றனர் என்பதையும் அதே கண்டிப்புடன் கணக்கிட்டால், ஒரு சிறு பிரிவைக் காப்பதா கைவிடுவதா என்ற முடிவு எண்ணிக்கையை மட்டும் நம்பி எடுக்கப்படாது.