பாவின் வடிவும் வாழ்வின் நோக்கும்

எங்கள் சிற்றூர்த் தேவாலயத்தில் மணி ஒன்றே உண்டு. மணநாளிலும் அதுவே ஒலிக்கும். ஊரில் ஒருவர் இறந்த நாளிலும் அதுவே ஒலிக்கும். மணநாளில் இடைவிடாது விரைந்து ஒலிக்கும் அம்மணி, இறப்பு நாளில் ஓர் அடிக்கும் மற்றோர் அடிக்கும் இடையே நெடிது அமைந்து, பின் ஒலிக்கும். வயலில் நிற்போர் எவரையும் வினவுவதில்லை. கேட்ட அளவிலேயே செய்தியை உணர்வர். வெண்கலம் ஒன்று, நாதமும் ஒன்று, அடிக்கும் முறையே வேறு. அம்முறையே செய்தியாகின்றது.

செய்யுளும் இத்தன்மையதே என்பது எம் கருத்து. ஆயினும் மாணவராகிய யாம் செய்யுளை அவ்வாறு கற்பதில்லை. ‘இப்பாடலின் கருத்து யாது?’ என்னும் வினாவிற்கு ஒரு வாக்கியத்தில் விடை எழுதுகின்றோம். சீரையும் அடியையும் யாப்பிலக்கணத்திற்கென ஒதுக்குகின்றோம். உவமையை அணியிலக்கணத்திற்கென ஒதுக்குகின்றோம். ஒரு பாடலை மூன்று கூறாக்கி மூன்று வினாத்தாள்களில் இட்டபின், அதன் உயிர் எங்கே என்று தேடுகின்றோம். புலவன் ஒருவன் வாழ்வை எந்நோக்கில் கண்டான் என்பதை அவன் கூறிய அறவுரை மட்டும் அறிவிப்பதன்று. அடியை அவன் நீட்டிய இடமும், குறுக்கிய இடமும், தேர்ந்த உவமையும் ஒருங்கு சேர்ந்தே அதனை அறிவிக்கும். இதனைப் புறநானூற்றில் அடுத்தடுத்து நிற்கும் நான்கு பாடல்களைக் கொண்டு இக்கட்டுரைக்கண் ஆராய்வாம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் பதிப்பித்து உலகிற்களித்த புறநானூற்றில் 192 முதல் 195 வரையுள்ள பாடல்கள் எந்த வேந்தனையும் முன்னிறுத்திப் பாடப்பெற்றனவல்ல. போரும் கொடையும் மலிந்த அத்தொகைக்கண், இந்நான்கும் வாழ்வு என்னும் ஒன்றையே பொருளாகக் கொண்டன. கணியன் பூங்குன்றனார், ஓரேருழவர், பக்குடுக்கை நன்கணியார், நரிவெரூஉத்தலையார் என்போர் முறையே இவற்றைப் பாடினோர்.

நான்கும் நேரிசை ஆசிரியப்பாக்கள். ஏனைய அடிகளெல்லாம் நாற்சீர் பெற்று நடக்க, இறுதியடிக்கு முன்னின்ற ஈற்றயலடி மட்டும் முச்சீராய்க் குறைந்து வருவது நேரிசை ஆசிரியத்தின் இலக்கணம். நடந்து வந்தவன் வாயிற்படியில் ஒருகணம் நின்று, பின் உள்ளே அடியெடுத்து வைப்பது போன்றது அவ்வமைப்பு. அக்குறுகிய அடியில் எதனை வைப்பது, அதன் பின்வரும் நிறைந்த அடியில் எதனை வைப்பது என்பது புலவனது உரிமை. அவ்வுரிமையை இந்நால்வரும் எவ்வாறு ஆண்டனர் என்று காண்பாம்.

முதற்கண் கணியன் பூங்குன்றனார் பாடல். எவ்வூரும் நம்மூர், எல்லாரும் நம் உறவினர் என்னும் பொருளமைந்த அதன் முதலடியை அறியாத தமிழர் இலர். மேடைகளில் அஃது முழங்குகின்றது. எஞ்சிய பன்னிரண்டு அடிகள் ஏட்டிலேயே உறங்குகின்றன. பள்ளிப் பருவத்துப் பேச்சுப்போட்டியில் யானும் அம்முதலடி ஒன்றனையே முழங்கிப் பரிசும் பெற்றேன் என்பதை இவ்விடத்து ஒப்புக்கொள்கின்றேன்.

அப்பாடலின் நடையை நோக்குக. முதல் மூன்று அடிகளும் தத்தம் எல்லையிலேயே பொருள் முற்றி நிற்கின்றன. நான்காம் அடி முதல் நிலை மாறுகின்றது. அடியின் இறுதிச் சீர் அவ்வடியில் அடங்காது, அடுத்த அடியின் பொருளைத் தொடங்கி வைக்கின்றது. இவ்வாறு நான்காம் அடி முதல் பதினோராம் அடி வரை எட்டு அடிகள் ஒன்றனுள் ஒன்று வழிந்து ஓடுகின்றன. இவ்வோட்டத்தின் நடுவிலேதான் அவ்வுவமை வருகின்றது: மின்னலோடு மழை பெய்ய, பாறைகளில் மோதி ஒலித்து விரையும் பேராற்றில், நீரின் போக்கிலே செல்லும் தெப்பம். உயிரின் செலவும் அத்தகையது என்பது புலவர் முடிபு. ஆற்றைப் பாடும் அடிகள் ஆறாகவே ஓடுகின்றன. படிப்போன் மூச்சும் தெப்பம்போல் அவற்றின்மேல் செல்கின்றது. அத்தெப்பத்திற்குத் துடுப்பு உண்டெனக் கூறப்படவில்லை. அது கவிழ்ந்ததாகவும் கூறப்படவில்லை. வாழ்வை இனிதெனக் கொண்டாடுதலும் இன்றி, கொடிதென வெறுத்தலும் இன்றி நிற்கும் நடுவுநிலையை இதனினும் தெளிய உணர்த்தல் அரிது.

ஈற்றயலடிக்கு வருவாம். பெருமையுடையோரைக் கண்டு வியந்து நில்லோம் என்பது முச்சீரடியில் அமைந்தது. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பது நிறைந்த இறுதியடியில் அமைந்தது. பெரியோர்க்குக் குறுகிய அடி. சிறியோர்க்கு முழு அடி! வெள்ளம் எல்லாத் தெப்பத்தையும் ஒருங்கே கொண்டு செல்வதாயின், வியப்பினும் இகழாமையே பெரிதன்றோ? முதலடியின் உறவு வெறும் முழக்கமன்று என்பதை இவ்வீற்றடியே மெய்ப்பிக்கின்றது. இதனை அறியாது முதலடியை மட்டும் முழங்குவது, வித்தை ஏந்திக்கொண்டு விளைவை வயலிலேயே விட்டு வருவதாகும்.

அடுத்து நிற்பது ஓரேருழவர் பாடல். அளவால் நான்கே அடிகள். இப்புலவரது இயற்பெயரை நாம் அறியோம். குறுந்தொகையில் 131-ஆம் பாடலில் அவர் கூறிய உவமையே அவர்க்குப் பெயராயிற்று. மழை பெய்து ஈரம் பட்ட நிலம். உழவனிடம் இருப்பதோ ஒரே ஏர். ஈரம் உலருமுன் உழுது முடிக்க அவன் படும் விரைவு. தலைவியை அடைய விரையும் தலைவன் நெஞ்சிற்கு அவ்விரைவு அங்கு உவமையாயிற்று.

அங்கே விரைவைப் பாடிய புலவர் இங்கே விரைய இயலாமையைப் பாடுகின்றார். உரித்த தோலை விரித்தாற்போன்ற நெடிய வெண்ணிறக் களர்நிலம். அதில் ஒரு வேடன் துரத்தும் மான். மறைய ஒரு புதரும் இல்லை. அந்நிலத்திற்குத் தோலையே உவமையாக்கினமையை நோக்குக. ஓடும் மானுக்கு அதன் முடிவே நிலமாக விரிந்து கிடப்பது போன்ற ஒரு தோற்றம் நம் கண்முன் எழுகின்றது. அந்நிலையிலும் ஓடித் தப்புதல் கூடும் என்கின்றார் புலவர். அவ்வோட்டம் குறுகிய ஈற்றயலடியில் அமைகின்றது. உடனே இறுதியடி முழுமையாக வந்து நிற்கின்றது: சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை காலைக் கட்டுகின்றது. ஓட்டத்திற்கு மூன்று சீர்; கட்டுக்கு நான்கு சீர். சுற்றத்தை அவர் பழிக்கவில்லை. துறந்து செல்வேன் எனவும் கூறவில்லை. பெருமூச்சு விட்டுத் தங்கி விடுகின்றார். இல்வாழ்வோர் பலரது நெஞ்சம் இந்நான்கடியில் அடங்கிவிட்டது. இதனை நாற்பது அடியாக விரித்திருப்பின் ஓட இடம் கிடைத்திருக்கும். பாட்டின் குறுமையே கட்டாகின்றது.

மூன்றாவது நன்கணியார் பாடல். ஏழு அடிகள். ஒரு வீட்டில் சாப்பறை. ஒரு வீட்டில் மணமுழவு. கூடினோர் பூச்சூட, பிரிந்தோர் கண்ணீர் உகுக்கின்றனர். முதல் நான்கு அடிகளிலும் இக்காட்சிகள் துன்பம், இன்பம், இன்பம், துன்பம் என மாறி நிற்கின்றன. வினைகள் நான்கும் எச்சமாகவே நிற்றலின் ஒன்றும் முற்றுப்பெறவில்லை. மனம் அமைதி பெற இடமின்றித் தொங்குகின்றது. ஐந்தாம் அடியிலேதான் முற்றுவினை வருகின்றது. அதுவும் இவ்வாறு உலகைப் படைத்தோன் பண்பில்லாதவன் என்னும் வன்சொல்லாக வருகின்றது.

இப்பாடலை முதலில் கற்றபோது, ‘உலகம் துன்பம் நிறைந்தது’ என்று கருத்தெழுதி, மேலே சென்றேன். சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மணம் எங்கள் ஊரில் நிகழ்ந்தது. அன்று வைகறையில் எதிர்வீட்டு இளைஞன் ஒருவன் காய்ச்சலால் இறந்தான். என்னோடு தொடக்கப் பள்ளியில் ஒரு பலகையில் அமர்ந்து பயின்றவன். அவ்வொரே மணி அன்று காலை ஒருமுறையாகவும் மாலை மற்றொரு முறையாகவும் ஒலித்தது. நன்கணியாரின் வன்சொல் அன்று எனக்கு வன்சொல்லாகத் தோன்றவில்லை. அதனை நெஞ்சோடு சொல்லிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தேன். என் அன்னையோ மணவீட்டு வேலையை இடையே நிறுத்தி, தலையிற் சூடிய பூவைக் களைந்துவிட்டு, எதிர்வீடு சென்று அத்தாயின் அருகே நெடுநேரம் அமர்ந்திருந்தார். பின் மீண்டு வந்து, முகம் கழுவி, மணமகளுக்குத் தம் கையாலேயே மாலை சூட்டினார். ஒரு வீட்டின் பொருட்டு மற்றொரு வீட்டை அவர் மறந்தாரல்லர்.

கல்லூரிக்கு மீண்டபின் அப்பாடலை மறுபடியும் எடுத்து நோக்கினேன். இவ்வுலகம் கொடியது என்னும் கூற்று குறுகிய ஈற்றயலடியில் அடங்கியிருந்தது. அதன் இயல்பை உணர்ந்தோர் இனியவற்றைக் காண்பாராக என்பது இறுதியடி முழுதும் நிறைந்து நின்றது. துன்பத்தைப் புலவர் மறைக்கவில்லை. ஐந்தடிகள் அதற்கே இடந்தந்தார். ஆனால் இறுதிச் சொல்லை அதற்குக் கொடுத்தாரல்லர். அவ்விறுதியடி, துன்பத்தை அறியாதாருக்குக் கூறிய ஆறுதலன்று. அறிந்தோருக்கே இட்ட ஏவல். என் அன்னை இப்பாடலைக் கற்றவரல்லர். ஆயினும் அதன் ஈற்றடியை அன்று வாழ்ந்து காட்டினார் என்றே கருதுகின்றேன்.

நான்காவது நரிவெரூஉத்தலையார் பாடல். இஃது முதியோர் அவையை நோக்கிய விளி. சான்றோரே என்னும் உயர்ந்த விளி முதல் மூன்றடிகளுள் மும்முறை வருகின்றது. முதலிருமுறை வணக்கமெனத் தோன்றும். மூன்றாம் முறை அதனோடு பயனற்ற மூப்பு என்னும் அடையைச் சேர்க்கின்றார். உடனே அவ்வணக்கம் எள்ளலாக மாறுகின்றது. நரைக்கு அவர் கண்ட உவமை கயல்மீனின் முள். தசையெல்லாம் தீர்ந்தபின் எஞ்சுவது முள்ளன்றோ? வாழ்நாள் முழுதும் உண்டு தீர்த்தபின் எஞ்சிய வெண்மையே அந்நரை என்பதை ஓர் உவமையால் உணர்த்திவிட்டார். கூற்றுவன் வந்து கட்டுங்கால் இரங்குவீர் என அச்சுறுத்திய பின்னும், அவர் வேண்டுவது மிகச் சிறியது: நல்லது செய்ய இயலாவிடினும், தீயது செய்யாதிருங்கள். அஃது எல்லாரும் மகிழ்வது என்பதற்கு முச்சீர். நல்வழியிற் செலுத்துவதும் அதுவே என்பதற்கு நாற்சீர். பிறர் புகழ்ச்சி குறுகிற்று, நெறி நிறைந்தது.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘ஈற்றயலடி குறைதல் இலக்கண விதி, எல்லா நேரிசை ஆசிரியத்திலும் அது வரும், இதில் புலவன் பெருமை யாது?’ என்று வினவலாம். விதி இடத்தைத் தருகின்றது; அவ்விடத்தில் அமர்வது யாது என்பதை விதி கூறுவதன்று. மேலும், எல்லா அடிகளும் அளவொத்து வரும் நிலைமண்டில ஆசிரியம் என்னும் வகையும் உண்டு; நேரிசையைத் தேர்தலும் புலவனது தேர்வே. குறுகிய அடி எங்கும் துன்பத்தையோ தாழ்ச்சியையோ குறிக்கும் எனவும் யாம் கூறவில்லை. ஓரேருழவர் பாட்டில் அதில் ஓடுவது விடுதலை. பூங்குன்றனார் பாட்டில் அதில் நிற்பது பெரியோர்பால் வியப்பின்மை. ஒரே வாயிற்படி, கடப்போர் வேறு.

முடிபாக ஒன்று கூறுவாம். ஒருவர் வாழ்வை ஆறெனக் கண்டு அமைந்தார். ஒருவர் களரெனக் கண்டு பெருமூச்செறிந்தார். ஒருவர் இருவேறு பறையொலியாகக் கேட்டுச் சினந்து, பின் தெளிந்தார். ஒருவர் எஞ்சிய முள்ளெனக் கண்டு கடிந்து, பின் இரங்கினார். பா ஒன்றே, நோக்கு நான்கு. அந்நோக்கங்களைக் கருத்துரையிலிருந்து மட்டும் பெற விரும்புவோர், மணி ஒலித்தது என்று மட்டும் அறிந்து, எதற்காக ஒலித்தது என அறியாதோரை ஒப்பர். தோழர்காள்! இனி ஒரு பாடலைக் கையிலெடுக்குங்கால் அதனை வாய்விட்டுப் படிமின். எங்கே ஓடுகின்றது, எங்கே நிற்கின்றது, எங்கே குறுகுகின்றது என்று செவியால் அறிமின். தேர்வுக்குரிய கருத்து அதன்பின் தானே வரும். தேர்வுக்கப்பாலும் துணை நிற்கும் பொருளும் உடன் வரும்.