உவர் நிலமும் புளித்த பழத்தோலும்

கேள்வி: கோலா மூடா கடலோரத்தில் உள்ள எங்கள் காய்கறி நிலம் உவர்ந்துவிட்டது. பழத்தோல், காய்கறிக் கழிவுகளைப் புளிக்கவைத்து ஊற்றினால் திருந்துமா?
— வாசகர், சுங்கைப்பட்டாணி

பதில்: கருப்பட்டி ஒரு பங்கு, கழிவு மூன்று, நீர் பத்து என்று கலந்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் திராவகத்தில் உண்டாகும் அமிலங்கள், சுண்ணாம்பும் சோடியமும் மிகுந்த களர்மண்ணில் அச்சுண்ணாம்பைக் கரைத்துச் சோடியத்தைப் பெயர்க்க உதவும் என்பது சாஸ்திர சம்மதமே, ஆயினும், பெயர்ந்த உப்பை வேருக்கு அப்பால் கொண்டுசெல்வது நன்னீர் ஒன்றே ஆதலால், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிக் கடல்நீர் புகுந்த உங்கள் கரையோரத்தில், வடிகால் வெட்டி, மழைநீரைத் தேக்கி வடியவிடுவதே பிரதான சிகிச்சையாகும். மேலும், கெடா சமவெளியின் கரையோரத்தில் கந்தக அமிலமண்ணும் உண்டு. அங்கே இத்திராவகம் பயன்படாது, சுண்ணாம்பே வேண்டும். ஆகையால் முதலில் விவசாய இலாகாவில் மண்ணைப் பரிசோதியுங்கள். கார அளவு (pH) 8.5-ஐத் தாண்டினால் மட்டும் திராவகத்தை நீர்விளாவி ஊற்றுங்கள். வடித்த சக்கையையோ எறிந்துவிடாதீர்கள். மட்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும் அதனைப் பாத்தியிலேயே புதையுங்கள்.