ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும்
(பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு மொழிப்பாடம்)

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் ரயில் பாதையில் முதலமடை என்றொரு நிலையம் உண்டு. மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தமிழில் நாம் ‘முதலமடை’ என்று எழுதுகிறோம். மலையாளத்தில் அதையே ‘முதலமட’ என்று எழுதுகிறார்கள். ஊர் ஒன்றுதான்; கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது. இந்த ஒரு சிறு மாற்றத்தில் நம் பிள்ளைகளுக்கான ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, சித்தூர் வட்டத்திலும், தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் வாழ்ந்த தமிழர் கேரளத்தவராயினர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ என்று இன்று பல குடும்பங்களில் பிள்ளைகள் வளர்கின்றனர். தமிழைப் பேசுகிறார்கள், எழுதச் சொன்னால் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் ஒரு தலைமுறை நீடித்தால், பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாது.

ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் பேட், கேட், மேட், ரேட் என்று ஒப்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பின்னிரண்டு எழுத்தும் ஒன்றே; முதலெழுத்து மாற மாற மட்டையும் பூனையும் பாயும் எலியும் வருகின்றன. குட்டிச் சொற்களைக் கொண்டு எழுத்தையும் பொருளையும் ஒருசேரப் பதிய வைக்கும் இந்த முறை தமிழுக்கும் நன்கு பொருந்தும். செய்து பார்ப்போம்.

1. ல, ள, ழ

வலி – நோவு. வளி – காற்று. வழி – பாதை.
வால் – விலங்கின் உறுப்பு. வாள் – வெட்டும் கருவி. வாழ் – உயிர் வாழ்.
அலை – கடலில் எழுவது. அளை – துழாவு. அழை – கூப்பிடு.
இலை – மரத்தின் இலை. இளை – மெலிந்து போ. இழை – நூல்.
விலை – பொருளுக்குக் கொடுப்பது; விளை – பயிர் பலன் தா; விழை – விரும்பு.

“மாங்காய் நன்றாக விளைந்தது, ஆனால் விலை விழுந்தது” என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று எழுத்தும் அதில் வந்துவிடும். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பொருளை விளக்கவே வேண்டியதில்லை!

இங்கே ஒரு நற்செய்தி. கொங்குப் பேச்சில் பலருடைய வாயில் ‘வாழைப்பழம்’ ‘வாளப்பளம்’ ஆகிவிடுகிறது. மலையாளத்திலோ ‘மழ’, ‘புழ’, ‘பழம்’ என்று ழகரம் நாள்தோறும் ஒலிக்கிறது. மலையாளம் படிக்கும் பிள்ளைக்கு ழகரம் ஏற்கெனவே வசப்பட்டிருக்கும். அதைத் தமிழுக்குக் கொண்டு வருவதுதான் மிச்ச வேலை.

2. ர, ற, ன, ண

கரை – ஆற்றின் ஓரம். கறை – அழுக்குப் படிந்த அடையாளம்.
அரை – பாதி. அறை – வீட்டின் பகுதி.
மனம் – உள்ளம். மணம் – வாசனை, திருமணம்.
பனி – குளிர்காலத்தில் பெய்வது. பணி – வேலை, தொண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘ந’, ‘ன’ என இரண்டு எழுத்துகள். மலையாளத்தில் இவ்விரண்டு ஒலிக்கும் ஓரெழுத்துதான். ஆகவே மலையாளம் எழுதிப் பழகிய பிள்ளை ‘மனம்’ என்பதை ‘மநம்’ என்று எழுதினால் கோபிக்காதீர்கள். சொல்லின் முதலில் ‘ந’, நடுவிலும் இறுதியிலும் பெரும்பாலும் ‘ன’, தகரத்துக்கு முன்னால் ‘ந்’ (பந்து, சந்தை) என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

3. ‘அ’வில் முடிந்தால் ‘ஐ’யைத் தேடு

மலையாளம் – தமிழ்
மல – மலை
தல – தலை
இல – இலை
வில – விலை
மழ – மழை
வாழ – வாழை
பன – பனை
கர – கரை

முதலமட, முதலமடை ஆவதும் இதே வழியில்தான். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்குத் தெரிந்த மலையாளச் சொற்கள் பல ஒரே நாளில் தமிழ்ச் சொற்களாகிவிடும்.

4. எழுத்து ஒன்று, பொருள் வேறு

பனி – தமிழில் குளிர்காலப் பனி, மலையாளத்தில் காய்ச்சல்.
களி – தமிழில் கேழ்வரகுக் களி, மகிழ்ச்சி, மலையாளத்தில் விளையாட்டு.
வெள்ளம் – தமிழில் பெருக்கெடுத்த நீர். மலையாளத்தில் குடிநீர் உட்பட எந்த நீரும்.
பட்டி – தமிழில் ஆட்டுப்பட்டி, சிற்றூர், மலையாளத்தில் நாய்.
அரி – தமிழில் வெட்டு, திருமால், மலையாளத்தில் அரிசி.
பற – தமிழில் சிறகடித்துச் செல். மலையாளத்தில் சொல் என்றும் பொருள்.

“பாட்டிக்குப் பனி” என்று பிள்ளை சொன்னால் போர்வையைத் தேடுவதா, மருத்துவரைத் தேடுவதா? சிரிப்புக்கு மட்டுமல்ல, அவசரத்துக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். அதே சமயம், இவை முற்றிலும் அந்நியமானவை அல்ல. பறைதல் என்றால் சொல்லுதல் என்பது தமிழிலும் உண்டு; குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் இன்றும் வழங்குகிறது.

5. எழுத்தே சொல்லாவது

தமிழில் ஒற்றை எழுத்தே பொருள் தரும் சொல்லாக நிற்பதை ‘ஓரெழுத்தொருமொழி’ என்பர். இப்படி 42 சொற்கள் இருப்பதாக நன்னூல் கூறுகிறது. ஆ – பசு. ஈ – பறக்கும் ஈ, கொடு. கை – உடலுறுப்பு. தீ – நெருப்பு. பூ – மலர். வா – அழைப்பு.

முதலமடைக்கு உரிய சொல் ‘மா’. மாமரம், பெரிய, விலங்கு எனப் பல பொருள் இதற்கு உண்டு. மலையாளத்தில் மாமரத்துக்கு ‘மாவு’ என்று பெயர். “மாவில் ஏறினேன்” என்று பிள்ளை சொன்னால் இட்லி மாவை நினைத்துத் திகைக்க வேண்டாம்!

ஆங்கிலப் பாடத்தில் வரும் ‘மேங்கோ’ நம் மாங்காயிலிருந்து, அதாவது தமிழ், மலையாளச் சொற்களிலிருந்து, போர்த்துகீசியர் வழியாகப் போனதுதான். முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக் காட்டில் ‘கன்னிமரா’ என்னும் பெருந்தேக்கு நிற்கிறது. ‘டீக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் தேக்கிலிருந்து வந்ததே. கயிறு, மலையாளத்தில் ‘கயர்’. ஆங்கிலத்தில் அது ‘காயர்’. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். தம் வீட்டுச் சொல் உலகம் சுற்றியது என்று தெரிந்தால் அதை எழுத வெட்கப்பட மாட்டார்கள்.

பயிற்சி

சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க:
1. பொள்ளாச்சிக்குப் போகும் (வலி / வளி / வழி) எது?
2. பழுத்த மாம்பழத்தின் (மனம் / மணம்) வீடெல்லாம் வீசியது.
3. ஆற்றின் (கரை / கறை) ஓரம் நடந்தோம்.
4. தென்னங்கன்று நடக் (குளி / குழி) தோண்டினார்கள்.
5. வெயிலில் வாழை (இலை / இளை / இழை) வாடியது.

விடைகள்: 1. வழி 2. மணம் 3. கரை 4. குழி 5. இலை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும்; பிறகு பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதுங்கள். மலையாளம் கலந்து வந்தால் ஏளனம் செய்யாமல், “இதைத் தமிழில் எப்படி எழுதுவோம்?” என்று கேளுங்கள். மலையாளம் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் மொழி. தமிழ் அவர்களைத் தாத்தா பாட்டியோடு சேர்த்து வைக்கும் மொழி. இரண்டும் அவர்கள் கையில் இருக்கட்டும்.