ஒரு கிளையில் மட்டும் நிறம் மாறிய பலாச்சுளை: கொட்டையில் வருமா, ஒட்டில் வருமா?

கேள்வி: ஐயா, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாத்தா வைத்த பலாமரம் 2011 டிசம்பரில் தானே புயலில் சாய்ந்துவிட்டது. அதன் கொட்டையை ஊன்றி வளர்த்த மரங்கள் இப்போது காய்க்கின்றன. ஒன்றில்கூட அந்த ருசி இல்லை. புயலுக்கு முன்பே அதே மரத்திலிருந்து சித்தப்பா கட்டிய ஒட்டு மட்டும் தாத்தா மரம் போலவே காய்க்கிறது. இந்த ஒட்டுமரத்தின் ஒரு கிளையில் சில வருடங்களாகச் சுளை நல்ல ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. மற்ற கிளைகளில் பழைய மஞ்சள்தான். “இது திடீர்மாற்றம்” என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். இந்தக் குணத்தைக் கொட்டை போட்டு எடுக்கலாமா, ஒட்டுதான் கட்ட வேண்டுமா?
— ஒரு விவசாயி, பண்ருட்டி வட்டம்

பதில்: முதலில் மரத்தடிக்குப் போய் ஒன்றைப் பாருங்கள். அந்தக் கிளை ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே என்றால் அது வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய வேறொரு மரம். திடீர்மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேலே இருந்து, வருடம் தவறாமல் அதே கிளையில் அதே நிறம் வந்தால் உங்கள் மகள் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கொட்டை போட்ட மரங்கள் ஏன் ஏமாற்றின என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பலாப்பழம் என்பது நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. நாம் தின்னும் சுளை அந்தப் பூவின் இதழ்ப்பகுதி, அதாவது முழுக்கத் தாய்மரத்தின் சதை. உள்ளே இருக்கும் கொட்டையின் கதை வேறு. பலாவுக்கு 56 குரோமோசோம்கள். கொட்டைக்குள் உறங்கும் முளைக்கு அவற்றில் 28 தாயிடமிருந்தும் 28 மகரந்தம் தந்த மரத்திலிருந்தும் வருகின்றன. அந்த மகரந்தம் பக்கத்துக் கொல்லையிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஒரே பழத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டைகளுக்குக்கூட வெவ்வேறு தகப்பன் மரங்கள் இருக்க முடியும். சுளையின் ருசி தாயைப் பற்றித்தான் சொல்லும். கொட்டை என்னவாக முளைக்கும் என்று சொல்லாது. (வெள்ளைக்கொழும்பான் போன்ற சில மா வகைகளில் ஒரே கொட்டையில் பல முளைகள் வரும், அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு. பலாவில் அந்த வசதி இல்லை.)

இனி திடீர்மாற்றத்துக்கு வருவோம். ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது தன் மரபணுத் தொகுதி முழுவதையும் படி எடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து பிசகுகிறது. மனிதர்களில், வெயிலில் கருத்த தோலின் செல்லில் நேரும் பிசகு பிள்ளைக்குப் போகாது; விந்தணு, சினைமுட்டை ஆகும் செல்கள் கருவிலேயே தனியாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் சுமார் 60, 70 ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு. எல்லாம் அந்த ஒதுக்கப்பட்ட வழியில் வந்தவை. மரம் அப்படி எதையும் முன்கூட்டி ஒதுக்கி வைப்பதில்லை. இலை விட்ட அதே கொழுந்துதான் பிறகு பூவும் விடுகிறது. ஆகவே கிளையில் நேர்ந்த மாற்றம் விதைக்கும் போய்ச்சேர வழி இருக்கிறது.

வழி இருக்கிறதே தவிர, உறுதி இல்லை. பலா போன்ற செடிகளின் கொழுந்து நுனியில் செல்கள் பொதுவாக மூன்று அடுக்காக இருக்கும். மகரந்தமும் சூலும் பெரும்பாலும் இரண்டாவது அடுக்கிலிருந்துதான் உருவாகின்றன. உங்கள் கிளையின் மாற்றம் மேல் அடுக்கில் மட்டும் இருந்தால், கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தாலும் கொட்டையில் ஏறாது. இரண்டாவது அடுக்கில் இருந்தாலும், ஜோடி மரபணுவில் ஒன்றில் மட்டும் மாற்றம் என்றால் ஏறக்குறைய பாதிக் கொட்டைகளுக்கே அது கிடைக்கும். கிடைத்த கன்றிலும் மற்ற குணங்கள் கலைந்தே இருக்கும். ஆரஞ்சு நிறம் வரலாம், தாத்தா மரத்தின் ருசி வராது.

ஒட்டில் இந்தக் கலைப்பு இல்லை. குச்சியின் மொட்டு மூன்று அடுக்குகளையும் அப்படியே சுமந்து போகிறது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஒட்டுதான். ஆனாலும் கவனம் வேண்டும். அடுக்குகள் சில நேரம் இடம் மாறிப் பழைய குணத்துக்கே திரும்பிவிடும். செவ்வாழைத் தோப்பில் திடீரென்று ஒரு மரம் பச்சைக் குலை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இப்படி உடலில் நேர்ந்த மாற்றம்தான், பக்கக்கன்று வழியாகத் தொடரும்.

இப்படிக் கிளைக்குக் கிளை மாறினால் வயதான மரம் என்ன ஆகும் என்று தோன்றலாம். மாளிகம்பட்டில் இருக்கும் ஆயிரங்காய்ச்சிப் பலாமரத்துக்கு 200 வயது என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் 234 வயது ஓக் மரம் ஒன்றின் இரு தொலைதூரக் கிளைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், உறுதிசெய்யப்பட்ட ஒற்றை எழுத்து மாற்றங்கள் 17 மட்டுமே. கொழுந்துச் செல்களை மரம் அவ்வளவு பத்திரமாகக் காக்கிறது. உங்கள் கிளை அரிதானது என்பதற்கு இது போதும்.

ஒட்டின் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். கலைப்பு இல்லாததால் நல்ல மாற்றம் நிற்பது போலவே கெட்டதும் கழியாமல் நிற்கும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்டவர்களைக் கேளுங்கள். கரணை வழியாகவே பெருகிய சிஓசி 671 ரகம், செவ்வழுகல் நோய் வந்தபோது வயல் வயலாக ஒன்றுபோல் படுத்தது. தப்பிக்க ஒரு தூரில்கூட வேறு குணம் இல்லை. பண்ருட்டிப் பலாவில் இத்தனை ரகம் இருப்பது தலைமுறைகளாகக் கொட்டை போட்டதால்தான். பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பிஎல்ஆர் 1 ரகம்கூட பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான்.

எனவே ருசி இல்லை என்று அந்தக் கொட்டை மரங்களை வெட்டிவிடாதீர்கள். ஆரஞ்சுக் கிளையில் அடையாளம் கட்டி, அதில் வெவ்வேறு இடத்துக் குச்சிகளை எடுத்து ஐந்தாறு ஒட்டுகள் கட்டுங்கள். அவை காய்த்து இரண்டு பருவம் ஒரே நிறம் நின்றால், பழத்தோடு பாலூருக்குப் போய்க் காட்டுங்கள். அதுவரை அந்தக் கிளையைக் கவாத்து செய்ய யாரையும் விடாதீர்கள்.