ஃப்ளோர் ட்ரெயினர் வேலைக்குச் சேரப் போகிறீர்களா?

ஜிம்மில் ட்ரெயினராகச் சேரும் இளைஞர்கள் எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எத்தனை செட், எத்தனை ரெப், எவ்வளவு புரதம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் முதல் வாரத்தில் எதிரே வந்து நிற்கும் பிரச்சினை வேறு. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எப்போது எழுந்திருப்பார் என்று தண்ணீர் பாட்டிலோடு மூன்று பேர் சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்த மூன்று பேரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், உரிமையாளரிடம் புகாரும் சொல்ல மாட்டார்கள். சந்தா முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். அவர்கள் சார்பில் பேச வேண்டியவர் நீங்கள். என்னைக் கேட்டால் ஃப்ளோர் ட்ரெயினருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதி இந்த ஒரு வேலைக்குத்தான்.

நெரிசல் நேரத்திலிருந்து தொடங்குவோம். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் முன், மாலையில் ஆபீஸ் விட்ட பின் என்று இரண்டு வேளையும் கூட்டம் அலைமோதும். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவரெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கனமான எடையில் ஸ்குவாட்டோ பெஞ்ச் பிரஸ்ஸோ செய்பவருக்கு இரண்டு செட்டுக்கு நடுவே 3 முதல் 5 நிமிட ஓய்வு நியாயமான தேவை. கையில் இருக்கும் போனில் அவர் நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், செய்த செட்டைக் குறித்துக்கொண்டிருக்கலாம். அதனால் ‘எந்திரிங்க’ என்று தொடங்காதீர்கள். ‘ப்ரோ, இன்னும் எத்தனை செட் இருக்கு?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. போனில் மூழ்கியிருந்தவருக்கும் சட்டென்று நினைவு வரும். ‘ரெண்டு செட்’ என்று பதில் வந்தால், காத்திருப்பவரை அழைத்து, ‘மாத்தி மாத்தி அடிச்சுக்குங்க’ என்று இருவரையும் சேர்த்துவிடுங்கள். இருவர் தூக்கும் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். ஒருவர் 100 கிலோ, இன்னொருவர் 40 கிலோ என்றால் பிளேட்டைக் கழற்றி மாட்டுவதிலேயே நேரம் போய்விடும். அப்போது காத்திருப்பவருக்கு அதே தசைக்கு வேறொரு பயிற்சியைக் காட்டி அனுப்புவதுதான் வழி.

ஒரே ஆள் டம்பெல், கேபிள், பெஞ்ச் என்று மூன்றையும் பிடித்துவைத்துக்கொண்டு சூப்பர்செட் அடிப்பதை மாலை 7 மணிக்கு அனுமதிக்காதீர்கள். காலை 11 மணிக்கு வந்தால் தாராளமாகச் செய்துகொள்ளட்டும்.

அடுத்தது பிளேட். ஜிம்மின் தரத்தை எடைபோட எனக்கு இது ஒன்றே போதும். லெக் பிரஸ்ஸில் பக்கத்துக்கு நான்கு 20 கிலோ பிளேட்டைப் போட்டு அடித்துவிட்டு, அப்படியே விட்டுப் போகிறவர்கள் எல்லா ஜிம்மிலும் உண்டு. அடுத்து அந்த மெஷினுக்கு வருபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். மூட்டு வலிக்காக டாக்டர் சொல்லி வந்த ஐம்பத்தைந்து வயது அம்மாவாக இருக்கலாம், முதுகு அறுவை சிகிச்சை முடிந்து மெல்லத் திரும்பி வரும் ஆளாக இருக்கலாம். 160 கிலோவை இறக்கி வைக்க அவர்களால் முடியாது. உதவி கேட்கக் கூச்சம். அன்றைக்கு அந்தப் பயிற்சியைச் செய்யாமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ராடில் விட்டுவைக்கும் எடையில் ஆபத்தும் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஒலிம்பிக் ராட் மட்டுமே 20 கிலோ. விவரம் தெரியாத புதியவர், ரேக்கில் இருக்கும் ராடின் ஒரு பக்கத்துப் பிளேட்டை முழுக்கக் கழற்றிவிட்டால், மறுபக்கத்தில் இருக்கும் மூன்று 20 கிலோ பிளேட்டும் அந்தப் பக்கமாக ராடைக் கவிழ்த்துவிடும். மேலே எகிறும் முனை பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் அடிக்கும். ‘பிளேட்டை எடுத்த இடத்தில் வைக்கவும்’ என்று சுவரில் ஒட்டும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. புதிய மெம்பர் வரும் முதல் நாளே, இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கழற்றுவதையும், கனமான பிளேட்டை ஸ்டாண்டின் கீழ்க்கம்பியில் மாட்டுவதையும் அவர் கையாலேயே செய்யவையுங்கள். எடை தூக்குவதற்கு முன் கற்க வேண்டிய பாடம் அது. பழைய மெம்பர் விட்டுப் போகப் பார்த்தால், ‘வாங்க ப்ரோ, அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்’ என்று கூடவே நின்று கழற்றுங்கள். பின்னாலேயே போய்த் தினமும் நீங்களாக எடுத்து வைக்காதீர்கள். ஒரு மாதத்தில் அது உங்கள் வேலையாகவே ஆகிவிடும்.

ஆஞ்சநேயர் படத்தைக் கும்பிட்டுவிட்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே நுழையும் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் மாஸ்டர் ஒரு பார்வை பார்த்தால் போதும். இன்று மெம்பர் பணம் கட்டி வரும் வாடிக்கையாளர். அதட்ட முடியாது. ஆனால் அந்த மாஸ்டர்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கு இன்றும் தேவை, குரல்தான் மாற வேண்டும்.

சத்தத்தைப் பற்றிப் பலரும் தவறாக முடிவெடுக்கிறார்கள். கனமான எடையைத் தூக்கும்போது மூச்சோடு வரும் உறுமலை அடக்கச் சொல்லாதீர்கள். அது உழைப்பின் சத்தம். தோள் உயரத்திலிருந்து டம்பெல்லைத் தரையில் போடுவது வேறு விஷயம். அது உருண்டு யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் ஏராளமான ஜிம்கள் மாடியில் இருக்கின்றன. கீழே பேக்கரியோ மெடிக்கலோ இருக்கும். போடும் ஒவ்வொரு டம்பெல்லும் கடைக்காரரின் கூரையில் இடிக்கும், கடைசியில் அவர் கட்டட உரிமையாளரிடம் போய் நிற்பார். இந்தக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

வியர்வை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். துண்டு இல்லாமல் உள்ளே விடாதீர்கள். படர்தாமரை பொதுவான பெஞ்ச், துண்டு வழியாகப் பரவக்கூடியது. ஸ்பிரேயும் துணியும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். ஒருவரின் உடல் நாற்றம் பற்றிப் புகார் வந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாகப் போடாதீர்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆணுக்கு ஆண் ட்ரெயினர், பெண்ணுக்குப் பெண் ட்ரெயினர் தனியாக அழைத்து, ‘தினமும் தோய்த்த டிஷர்ட் ஒண்ணு பையில வெச்சுக்குங்க’ என்று சொன்னால் போதும். விளக்கம் வேண்டாம்.

இனி, ஜிம்மில் நடக்கும் தொந்தரவுகளில் நான் முதலிடம் கொடுப்பது கேட்காமல் சொல்லும் அறிவுரைக்கு. மூன்று மாதம் வந்தவர் நேற்று வந்தவருக்குப் பாடம் எடுப்பார். அதிலும் பெண்கள் டம்பெல் பக்கம் வந்துவிட்டால், எங்கிருந்தோ ஒருவர் வந்து ‘இப்படிப் பிடிங்க’ என்பார். அந்தப் பெண் மறுநாளிலிருந்து ட்ரெட்மில்லோடு நின்றுகொள்வார். அவர் செலவழித்த பணமும் சேர்த்துவைத்த துணிச்சலும் வீண். தயங்காமல் குறுக்கிட்டு, ‘தேங்க்ஸ் ப்ரோ, நான் பாத்துக்கிறேன்’ என்று சொல்லி அவரை அனுப்புங்கள். அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது தேவையா என்று ஒருமுறை கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

இதே விதி உங்களுக்கும் பொருந்தும். காயம் ஏற்படும் என்று தெரிந்தால் உடனே தடுங்கள். மற்றபடி செட் முடியும்வரை பொறுங்கள். எடைக்கு அடியில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, பின்னாலிருந்து தட்டி அழைக்கவே கூடாது. தொட்டுத் திருத்துவதற்கு முன் வாயால் சொல்லுங்கள், பிறகு உங்கள் உடலில் செய்து காட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால், ‘தோளைத் தொட்டுக் காட்டலாமா?’ என்று கேட்டு, சம்மதம் கிடைத்த பின் மட்டும் தொடுங்கள். இதில் சட்டமும் இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே வேலை செய்யும் பெண்களோடு நிற்பதில்லை. வேலையில் இல்லாத பெண்ணும் அதன்படி புகார் கொடுக்கலாம். ஜிம் உங்கள் பணியிடம் என்பதால் மெம்பரும் அதில் அடங்குவார். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஜிம்மில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய ஜிம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் போகும். சேரும்போதே உங்கள் ஜிம்மில் குழு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண் ட்ரெயினர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

போன் கேமராவுக்கு ஒரே விதி போதும்: படத்தில் வேறொருவர் விழக் கூடாது. மெம்பரின் ‘முன்–பின்’ படத்தை ஜிம் பக்கத்தில் போடவும் அவரது எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

ட்ரெயினரே தொல்லையாகும் இடங்களும் உண்டு. தனிப் பயிற்சிக்கு (பி.டி.) பணம் கட்டியவர்களை மட்டும் கவனித்து, மற்றவர்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பது அவற்றில் மிக மோசமானது. பி.டி. கமிஷன் உங்களுக்கு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளோரில் இருக்கும் நேரம் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு ஷிப்டிலும் உங்களிடம் இதுவரை பேசாத ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். நாளைய பி.டி. மெம்பர் அங்கிருந்துதான் வருவார். இரண்டு வாரம் வராமல் திரும்பி வந்தவரை ‘என்ன, வெயிட் போட்டுட்டீங்க’ என்று வரவேற்காதீர்கள். திரும்பி வரவே அவர் எவ்வளவு யோசித்திருப்பார்! முப்பது வயதுப் பெண்ணை ‘ஆன்ட்டி’ என்று அழைக்காதீர்கள். பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டீன் பவுடரைக் கேட்காதவரிடம் விற்காதீர்கள். கேட்பவருக்கு, டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, கடினமான ஆள். உரிமையாளரின் நண்பராக இருப்பார், அல்லது போட்டியில் பட்டம் வென்றவராக இருப்பார். நான்கு பேர் எதிரில் அவரைத் திருத்தப் போனால் நீங்கள்தான் தோற்பீர்கள். அவர் கிளம்பும்போது லாக்கர் பக்கம் தனியாகப் பிடித்து, ‘அண்ணா, நீங்க செய்றதைப் பாத்துத்தான் பசங்க செய்றாங்க’ என்று பிளேட்டையோ டம்பெல்லையோ பற்றிச் சொல்லுங்கள். பலர் இதற்கு இளகுவார்கள். இளகாவிட்டால் தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றைக் குறித்துவைத்து உரிமையாளரிடம் கொடுங்கள். பெண்களிடம் அத்துமீறல் என்றால் இந்தப் படிகளெல்லாம் வேண்டாம், அன்றே போய்ச் சொல்லுங்கள். உரிமையாளர் சிரித்து மழுப்பினால் வேறு ஜிம் தேடத் தொடங்கலாம்.

அப்படித் தேடும்போது நேர்காணலுக்கு முந்தைய நாள் மாலை 7 மணிக்கு அந்த ஜிம்முக்குப் போய் அரைமணி நேரம் நின்று பாருங்கள். பிளேட்டெல்லாம் ஸ்டாண்டில் இருக்கிறதா, பெஞ்சைத் துடைத்துவிட்டு எழுகிறார்களா, பெண்கள் டம்பெல் பக்கம் இருக்கிறார்களா இல்லை ட்ரெட்மில்லோடு நிற்கிறார்களா, ட்ரெயினர்கள் கண் போனில் இருக்கிறதா ஃப்ளோரில் இருக்கிறதா என்று கவனியுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவைதான்.