இசைத்தட்டும் மேடையும்: திரையிசைச் சுவைஞரின் ஈடுபாட்டில் மூலமும் பாடவேறுபாடும்

முனைவர் பட்ட ஆய்வாளர் (தமிழ்), படூர், செங்கல்பட்டு மாவட்டம்

ஆய்வுச் சுருக்கம்

திரையிசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட சுவைஞர், பாடலைக் கேட்டு மகிழ்வதோடு நிற்பதில்லை. ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்க்கிறார். ஒரு பாடலின் பல வடிவங்களை ஒப்பிடுகிறார். இசைத்தட்டில் குறிக்கப்படாத கலைஞர்களின் பெயர்களைக் கண்டறிகிறார். மேடை நிகழ்ச்சியைப் பதிவோடு ஒத்துப்பார்த்து மதிப்பிடுகிறார். இச்செயல்கள் சுவடிப் பதிப்பாசிரியரின் பணியோடு ஒப்புமை உடையவை என்பதையும், அவற்றின் வழித் திரண்ட அறிவைத் தமிழாய்வு முறைப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திரையிசை, சுவைஞர், இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், மெல்லிசை மேடை, பாடவேறுபாடு.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ரசிகர் குறித்த ஆய்வுகள் நடிகரை மையமிட்ட ஈடுபாட்டையே பெரிதும் நோக்கின. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்த நூலும் (1992), சாரா டிக்கி மதுரை நகர்ப்புற ஏழை மக்களிடையே திரைப்படம் பெற்ற இடத்தை ஆராய்ந்த நூலும் (1993) இத்துறையின் முன்னோடிகள். இசையைப் பொறுத்தவரை, நாடகம், கிராமபோன், தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படம் ஆகியவற்றின் தொடர்பை ஸ்டீபன் ஹியூஸ் 2007-இல் ஆராய்ந்தார். பின்னணிப் பாடகரின் குரல் பெற்ற சமூகப் பொருளை அமாண்டா வைட்மன் 2021-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இவை இசையை உருவாக்குவோரையும் இசை பரவிய ஊடகங்களையும் தெளிவுபடுத்தின. ஆனால் பாடலைக் கேட்பவர் என்ன செய்கிறார் என்னும் வினா இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

படூரும் அதனைச் சூழ்ந்த பகுதியும் இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற இடமாகும். பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்திற்கும் இடைப்பட்ட இவ்வூர், சிற்றூர் வாழ்வும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பரப்பைச் சார்ந்தது. ஆடித் திருவிழாவில் மெல்லிசைக் குழுவினர் பாடும் மேடை ஒருபுறம். பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிகழும் பெருங்கச்சேரிகள் மறுபுறம். இவ்விரண்டிற்கும் செல்லும் சுவைஞர், காதில் பதிந்த ஒரே ஒலிப்பதிவைத்தான் இரண்டிற்கும் அளவுகோலாக எடுத்துச் செல்கிறார்.

கேட்போர் பற்றிய தமிழ்க் கருத்து

கலையின் பயனைக் கேட்போரிடத்தும் காண்போரிடத்தும் வைத்து நோக்குவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டி, நிகழ்த்துவோனின் உணர்வு காண்போரைச் சென்றடைவதை மெய்ப்பாடாகக் கொள்கிறார். எனவே சுவை என்பது படைப்பவனிடம் தொடங்கிப் பெறுபவனிடம் நிறைவு பெறுகிறது.

சிலப்பதிகார அரங்கேற்று காதை இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. அது மாதவியின் ஆடலை மட்டும் போற்றவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. ஒரு நிகழ்த்துகலையை முழுமையாக அறிய அதில் பங்கேற்ற அனைவரையும் அறிய வேண்டும் என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. இக்கொள்கையைத் திரையிசைத் தட்டுகள் கைவிட்டன, சுவைஞர்கள் மீட்டெடுத்தனர்.

ஒலிப்பதிவே மூலம்

கருநாடக இசையில் ஒரு கீர்த்தனையின் மூலம் எந்தவொரு தனிப் பதிவிலும் இல்லை. குருவழிப் பாடமும் நிரவல், கற்பனாசுரம் ஆகிய மனோதர்மப் பகுதிகளும் இணைந்து ஒவ்வொரு கச்சேரியிலும் அது புதிதாக உருப்பெறுகிறது. திரைப்பாடலின் நிலை இதற்கு மாறானது. பாடகரின் குரல், இடையிசை, தாளக்கட்டு, ஒலிக்கலவை ஆகிய அனைத்தும் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒருமுறை நிலைபெற்றுவிடுகின்றன. மக்கள் பாடலாக அறிவது அந்தப் பதிவையே. ஆகவே இங்குப் பதிவே மூலபாடம். மேடை அதன் மறுவாசிப்பு.

இம்மூலத்தின் வடிவத்தை ஊடகமே ஓரளவு வரையறுத்தது. 78 சுழற்சி கொண்ட 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடங்களே ஒலிக்கும். திரையில் நீண்டு ஒலிக்கும் பாடலை இந்த எல்லைக்குள் அடக்கச் சுருக்கவோ இரு பக்கங்களாகப் பிரிக்கவோ வேண்டியிருந்தது. இதனால் ஒரே பாடலுக்குத் திரைவடிவம், தட்டுவடிவம் என இரண்டு பாடங்கள் அமைந்தன. திரையரங்கு வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம் மூன்றாவது சான்றாயிற்று. கதைச்சுருக்கத்தோடு பாடல் வரிகளைத் தாங்கிய அச்சிறு வெளியீட்டில் உள்ள சொல், சில வேளைகளில் தட்டிலோ திரையிலோ ஒலிப்பதினின்று வேறுபடும்.

இவ்வேறுபாடுகள் வெறும் தகவல்கள் அல்ல. ‘அன்பே வா’ (1966) படத்திற்கு வாலி எழுதிய பாடலொன்றில் இடம்பெற்ற ‘உதயசூரியன்’ என்னும் தொடர், அது தி.மு.கழகத்தின் தேர்தல் சின்னத்தைக் குறித்ததால் தணிக்கையின்போது மாற்றம் பெற்றது என்பது பலரும் அறிந்த செய்தி. ஒரு சொல்லின் மாற்றத்தில் 1967 தேர்தலுக்கு முந்தைய அரசியல் வரலாறு பதிந்துள்ளது. இம்மாற்றத்தை உணர ஒருவர் பாடலின் இரு வடிவங்களையும் அறிந்திருக்க வேண்டும். அத்தகைய ஒப்பீட்டை இடைவிடாது செய்துவந்தவர்கள் சுவைஞர்களே.

சேகரிப்பும் வானொலியும்

சேகரிப்பு இந்த ஒப்பீட்டின் முதற்படி. சென்னையில் வாழ்ந்து பல்லாயிரக்கணக்கான 78 சுழற்சித் தட்டுகளைத் திரட்டிய வி.ஏ.கே. ரங்காராவ் இதற்குச் சிறந்த சான்று. அவருடைய எழுத்துகளில் இசைத்தட்டு, வரலாற்று ஆவணமாக வாசிக்கப்படுகிறது. திரைப்படத் தகவல்களைத் தம் ஆர்வத்தால் தொகுக்கத் தொடங்கிய பிலிம் நியூஸ் ஆனந்தனின் உழைப்பு, ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்னும் பெருநூலாயிற்று. வாமனனின் ‘திரை இசை அலைகள்’ தொகுதிகளும் இவ்வழியில் வந்தவை. ஈடுபாடு தொகுப்பாகி, தொகுப்பு நூலாகிய வளர்ச்சியை இவர்களிடம் காண்கிறோம்.

பெரும்பான்மைச் சுவைஞர்க்கு இசைத்தட்டு எட்டாத விலைப்பொருளாக இருந்தது. அவர்களுக்கு வானொலியே களஞ்சியம். 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் குறைக்கப்பட்டன. கேட்போர் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3-இல் விவிதபாரதி தொடங்கப்பட்ட பின்னரும் தமிழகத்தில் இலங்கை வானொலியின் செல்வாக்குத் தொடர்ந்தது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்கள் தமிழகத்திலும் பெரும்புகழ் பெற்றனர்.

பாடலுக்கு முன்னர்ப் படம், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் ஆகியோரின் பெயர்களைக் கூறும் வானொலி வழக்கம் ஆய்வுநோக்கில் முதன்மையானது. அது பெயர்களைச் செவிவழிப் பாடமாக்கியது. கேட்போர் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதினர், நினைவில் நிறுத்தினர். பின்வந்த ஒலிநாடாக் காலத்தில் அதே குறிப்பேட்டிலிருந்து பாடற்பட்டியல் எழுதிப் பதிவுக்கடையில் கொடுத்து, 60 அல்லது 90 நிமிட நாடாவில் தமக்கெனப் பதிவு செய்துகொண்டனர். இத்தகைய ஒவ்வொரு நாடாவும் ஒருவர் தம் சுவைக்கேற்பத் தொகுத்த தனித் தொகைநூல் எனலாம்.

விடுபட்ட பெயர்கள்

ஒலிப்பதிவு குரலைக் காத்தது. பெயரைக் காக்கத் தவறியது. இந்தித் திரைப்படமாகிய ‘மஹல்’ (1949) இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அப்படத்தின் புகழ்பெற்ற பாடல் வெளிவந்த தட்டில் ‘காமினி’ என்னும் பாத்திரப் பெயரே பாடகியின் பெயராக அச்சிடப்பட்டது. பாடியவர் யார் எனக் கேட்போர் வானொலிக்கு விடுத்த வினாக்களே லதா மங்கேஷ்கரின் பெயரை வெளிக்கொணர்ந்தன. கேட்போரின் ஈடுபாடு இவ்வாறு ஒரு வரலாற்றுப் பிழையைத் திருத்தியது.

பாடகர்களின் நிலை பின்னர் மாறியது. கருவியிசைக் கலைஞர்களின் நிலை நெடுங்காலம் மாறவில்லை. பம்பாய்த் திரையிசைக் கலைஞர்கள் திரைமறைவிலேயே இருந்ததை கிரெகரி பூத் 2008-இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவு செய்தது. கோடம்பாக்கத்திற்கும் இது பொருந்தும். எம்.எஸ். விசுவநாதனின் இசையில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, குழலிசைத்த நஞ்சப்பா, இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், கிட்டார் வாசித்த சதானந்தம், டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கீபோர்டு வாசித்த விஜி மேனுவல் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலான தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் இடம்பெறவில்லை. இன்று இப்பெயர்கள் அறியப்படுவதற்குக் கலைஞர்களின் நேர்காணல்களும் அவர்களைத் தேடிச்சென்று கேட்டறிந்த சுவைஞர்களின் முயற்சியும் காரணங்களாகும். ‘ரோஜா’ (1992) வழி அறிமுகமான ஏ.ஆர். ரகுமான் தம் ஒலிநாடா, குறுந்தகட்டு உறைகளில் கருவியிசைக் கலைஞர், ஒலிப்பொறியாளர் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கினார். அரங்கேற்று காதை காட்டும் நெறி மீண்டும் உயிர்பெற்ற நிகழ்வாக இதனைக் கருதலாம்.

மேடையில் ஒத்துப்பார்த்தல்

பதிவே மூலமாயின், மேடை நிகழ்ச்சியில் சுவைஞர் தேடுவது யாது? முதலாவது, மூலத்தோடு பொருந்துதல். பல்லவிக்கும் சரணத்திற்கும் இடைப்பட்ட இசையில் ஒரு சுரம் விடுபடினும் அவர் அறிந்துகொள்கிறார். திருவிழா மேடையில் பாடும் மெல்லிசைக் குழுவினரும் பதிவில் உள்ளபடியே வாசிப்பதைத் தம் திறமையின் அளவாகக் கொள்கின்றனர். பிழை நேர்ந்தவிடத்துப் பாடலை நிறுத்தி மீண்டும் தொடங்கச் செய்யும் இளையராஜாவின் மேடை வழக்கமும் இக்கருத்தையே உறுதிப்படுத்துகிறது.

இரண்டாவது, உடனிருத்தல். பதிவில் கிடைக்காத ஒன்று மேடையில் கிடைக்கிறது. தனியே காதொலிப்பானில் கேட்ட பாடலை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போது, அது தன் நினைவு என்னும் நிலையிலிருந்து நம் நினைவு என்னும் நிலைக்கு உயர்கிறது. இவ்வுரிமையுணர்வு எத்துணை ஆழமானது என்பதை இரு நிகழ்வுகள் புலப்படுத்தும். 2017 ஜூலை 8-இல் லண்டன் வெம்பிளியில் நடைபெற்ற ஏ.ஆர். ரகுமானின் ‘நேற்று, இன்று, நாளை’ நிகழ்ச்சியில் தமிழ்ப் பாடல்கள் மிகுதி எனக் கூறி இந்திச் சுவைஞர் சிலர் குறைகூறினர். தமிழர் அதனை மறுத்துரைத்தனர். ஓர் இசையமைப்பாளரை இரு மொழியினர் தத்தம் மொழியின் வழியே தமக்குரியவராகக் கருதியமையே இப்பூசலின் அடிப்படை.

மற்றொன்று படூருக்கு அண்மையில் நிகழ்ந்தது. 2023 ஆகஸ்டு 12-இல் நடைபெறவிருந்து மழையால் தள்ளிவைக்கப்பட்ட ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி, செப்டம்பர் 10-இல் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பனையூரில் நடைபெற்றது. கூட்ட நெரிசலால் நுழைவுச்சீட்டுப் பெற்றோர் பலர் உள்ளே செல்ல இயலாமல் திரும்பினர். அவர்களின் வருத்தத்தைப் பணஇழப்பாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. 30 ஆண்டுகளாகப் பதிவில் கேட்ட பாடலை அதை ஆக்கியவர் முன்னிலையில் கேட்கும் வாய்ப்பே இழக்கப்பட்டது. பாடலை இல்லத்தில் எந்நேரமும் கேட்கலாம் என்னும் விடை அவர்களுக்கு ஆறுதலாகாது; ஏனெனில் அவர்கள் சென்றது பாடலைக் கேட்பதற்கு மட்டுமன்று.

சுவைஞரின் உரிமையுணர்வும் சட்டம் கூறும் உரிமையும் ஒன்றல்ல. தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடலாகாது என 2017-இல் இளையராஜா தரப்பினர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கு அறிவிக்கை அனுப்பியபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. ஆக்கியோன், பாடியோன், கேட்போன் ஆகிய மூவரும் ஒரே பாடலைத் தமதென்று கருதும் நிலை திரையிசைக்கே உரிய சிக்கலாகும்.

சுவைஞர் அறிவை ஏற்கும் முறை

சுவைஞரின் கூற்று அனைத்தையும் அப்படியே ஏற்பதும் பிழை. ஆர்வக்கூற்று எனத் தள்ளுவதும் பிழை. விருப்பச் சார்பும் செவிவழிச் செய்தியும் அதில் கலந்திருக்கும். ஆதலின் அவ்வறிவை மூவகைச் சான்றுகளாகப் பகுத்தல் நலம்.

1. பொருட்சான்று: தட்டின் முகப்புச்சீட்டு, சீட்டின் அருகே பொறிக்கப்பட்ட பதிவெண், உறை, பாட்டுப் புத்தகம், படத்தின் பெயர்ப்பட்டியல்.

2. வாய்மொழிச் சான்று: ஒலிப்பதிவில் பங்கேற்ற கலைஞரும் பொறியாளரும் கூறுவன.

3. செவிச்சான்று: வாசிப்பு முறையைக் கொண்டு இக்கருவியை வாசித்தவர் இன்னார் எனச் சுவைஞர் உய்த்துணர்வது.

மூன்றாம் வகையை முதல் வகைபோல் எழுதிவிடுவதே இத்துறையில் பிழைகள் பெருகக் காரணம். செவிச்சான்று பிற இரண்டில் ஒன்றால் உறுதிப்படும் வரை கருதுகோளாகவே நிற்க வேண்டும். எனினும் எவரிடம் சென்று எதைக் கேட்க வேண்டும் என்னும் வழியைக் காட்டுவது பெரும்பாலும் செவிச்சான்றே என்பதும் மறத்தற்குரியதன்று.

முடிவுரை

சுவடிகளை ஊர்தோறும் தேடி, பல படிகளை ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் பணியோடு திரையிசைச் சுவைஞரின் முயற்சியை அளவில் ஒப்பிடல் இயலாது, முறையில் ஒப்பிடலாம். தேடல், திரட்டல், ஒத்துப்பார்த்தல், பெயரறிதல் ஆகிய நான்கும் இரண்டிற்கும் பொது.

இவ்வறிவு இன்று அழியும் நிலையில் உள்ளது. ஒலிநாடாக்கள் பழுதடைகின்றன, குறிப்பேடுகள் பழந்தாள் கடைக்குச் செல்கின்றன, ஒலிப்பதிவில் வாசித்த மூத்த கலைஞர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். ஆகவே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தத்தம் பகுதிச் சுவைஞர்களின் நாடாக்கள், பாட்டுப் புத்தகங்கள், குறிப்பேடுகள் ஆகியவற்றைப் படியெடுத்துப் பட்டியலிடும் பணியை முதுகலை நிலையிலேயே ஆய்வுத்திட்டமாக மேற்கொள்ளலாம்.

இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலிய நூல்கள் இருந்தன என்பதை அடியார்க்குநல்லார் தம் உரையில் பெயர் சுட்டிச் சென்றமையால் அறிகிறோம். பஞ்சமரபு பிற்காலத்தில் கிடைத்து அச்சேறியது. அதனை இன்ன நூல் என இனங்காண அவர் குறித்த பெயர் துணைநின்றது. திரையிசைச் சுவைஞர் குறித்துவைத்த பெயர்களும் நாளைய ஆய்வாளர்க்கு அவ்வாறே பயன்படும்.