பயந்தவர் சொல் அம்பலம் ஏறட்டும்

காரியாபட்டி

அன்புள்ள தாயிக்கு,

உன் கடிதமும் நீ வரைந்து அனுப்பிய கடல்வழிப் படமும் வந்து சேர்ந்தன. கல்யாணமான முதல் வருஷம் ஊர் உலகமெல்லாம் கொடைக்கானல் போகும். நீங்கள் இருவரும் முப்பது அடிப் பாய்ப்படகில் கொச்சியிலிருந்து லட்சத்தீவின் கவரத்திக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கடல் கதை சொல்லிச் சொல்லிப் பிள்ளையைக் கெடுத்தது நீதான்" என்கிறாள். நம் ஊரில் கடலுக்கு எங்கே போக? குண்டாற்றில் மணல்தான் கிடக்கிறது. ஆனாலும் மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலை நம்மைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வெங்காய லாரியில் தொற்றிக்கொண்டால் பழைய துறைமுகம். அங்கே மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள். கரிசல்காட்டில் பிறந்த நான் தோணிக்காரனானது அந்த வழியில்தான்.

பாய் ஏற்றுவது, திருப்புவது, காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக ஏறிப் போவது, இதையெல்லாம் சென்னையில் உனக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேத்ரா குமணன் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டிய பிறகு உன்னைப் போன்ற பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் வந்திருப்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் பந்தயப் படகு பொழுது சாய்வதற்குள் கரைக்கு வந்துவிடும். ராத்திரி என்பது வேறு பாடம். அதிலும் இரண்டே பேர் போகும் ராத்திரி.

உன் கணக்கை முதலில் திருத்துகிறேன். "ஓர் இரவுப் பயணம்" என்று எழுதியிருக்கிறாய். கொச்சியிலிருந்து கவரத்தி சுமார் 216 கடல்மைல். உன் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல்மைல் போகும் என்று வைத்தால் 43 மணி நேரம். ஆக இரண்டு இரவு. முதல் இரவைத் துணிச்சலில் ஓட்டிவிடலாம். இரண்டாவது இரவுக்குத் தூக்கம்தான் கைகொடுக்க வேண்டும்.

ராத்திரி மும்முனைக் கரண்ட் வரும் நாட்களில் நம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் பார்த்திருப்பாயே, புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துத் தண்ணீர் கட்டுவதை? ஒருத்தர் மம்பட்டியோடு வாய்க்காலில் நிற்பார், இன்னொருத்தர் மோட்டார் ரூம் பக்கம் கயிற்றுக்கட்டிலில் குறட்டை விடுவார். மடை உடைத்துக்கொள்ளுமோ என்று படுத்திருப்பவரும் முழித்துக் கிடந்தால் விடியும்போது இரண்டு பேருக்கும் மம்பட்டி பிடிக்கத் தெம்பிருக்காது. படகிலும் இதேதான். மாப்பிள்ளை சுக்கான் பிடிக்கும்போது நீ தூங்கு. தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிட. "அவருக்குத் துணையாக இருக்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது அன்புபோலத் தெரியும். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். களைத்த கண்ணுக்கு ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு நட்சத்திரமாகத் தெரியும்.

இருட்டிய பிறகு மூன்று மணி நேர முறை போதும். நான்கு மணி நேரம் என்றால் கடைசி மணி நேரத்தில் கண் சொருகும். படுப்பதற்கு முன்பக்கத்து அறை வேண்டாம். படகின் முன்முனையான அணியம் அலையில் ஏறி ஏறி விழும்போது படுத்திருப்பவர் கூரையைத் தொட்டு வருவார். படகின் நடுவில், முடிந்தால் தரையிலேயே, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்துப் படுங்கள். ஆட்டம் குறைவாக இருப்பது அங்கேதான். உள்ளே சிவப்பு விளக்கு மட்டும் எரியட்டும். வெள்ளை விளக்கைப் போட்டால் மேலே போன பிறகு இருட்டுக்குக் கண் பழகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதை இரண்டே பேராகச் செய்து காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கடற்படையின் ஐ.என்.எஸ்.வி. தாரிணி 56 அடிப் பாய்ப்படகு. புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் அதில் 2024 பிப்ரவரி 28 அன்று கோவாவில் கிளம்பி, மார்ச் 21 அன்று மொரீஷியஸின் போர்ட் லூயிஸைப் பிடித்தார்கள். 22 நாள், பெருங்காற்று, கொதிக்கிற வெயில். (ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சடிக்கும் தீவு அது. ரூபாவுக்குக் கொஞ்சமாவது ஊர் ஞாபகம் வந்திருக்கும்.) அதே இரண்டு பேர் அந்த வருஷம் அக்டோபர் 2 அன்று கிளம்பி, ஹார்ன் முனையைச் சுற்றி, 25,000 கடல்மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். எட்டு மாதம். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த அபிலாஷ் டோமி தனியாளாக உலகைச் சுற்றியவர். 2018-இல் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் படகிலேயே கிடந்து மீட்கப்பட்டவர். அந்த இரண்டு பெண்களையும் தைரியசாலிகள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் யோசிப்பது வேறு. ஒருத்தி மேலே நிற்கும்போது, இன்னொருத்தி அவள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உள்ளே தூங்கினாளே, எட்டு மாதமும், அந்தப் பழக்கம் ஒரு நாளில் வந்திருக்காது. அவர்களைப் பெரிய பயணத்துக்கு அனுப்புமுன் மொரீஷியஸுக்கு அனுப்பியது காரணத்தோடுதான். நீயும் கவரத்திக்கு முன்னால் கொச்சிக்கு வெளியே ஓர் இரவு போய் காலையில் திரும்பி வந்து பார்.

இனி நான் சொல்ல வந்த காரியம். தோணியில் தலைவனான தண்டல் சொல்தான் சட்டம். காற்று ஏறினால் பாயை இறக்கு என்பான், இறக்குவோம். ஏன் என்று கேட்கிறவனுக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை. புருஷன் பெண்டாட்டி போகும் படகில் தண்டல் யார்? "ரெண்டு பேரும் பேசி முடிவெடுப்போம்" என்று எழுதியிருக்கிறாய். கரையில் அது நல்ல குடும்பத்துக்கு அழகு. நடுக்கடலில் காற்று மணிக்கு 25 கடல்மைல் வேகத்துக்குப் போய், படகு சாய்ந்து, சுக்கான் பிடிக்கும் காக்பிட்டுக்குள் தண்ணீர் விழும்போது பேசி முடிவெடுக்க வாய் எழும்பாது. எழும்பினால் சண்டையாகத்தான் எழும்பும். அதிலும் ஒரு தொல்லை உண்டு. மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் புதுப் பெண்டாட்டி முன்னால் எந்த ஆண்பிள்ளையும் "எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்ல மாட்டான். நீயும் அவர் என்ன நினைப்பாரோ என்று சொல்ல மாட்டாய். இரண்டு பேரும் பயத்தை மறைத்துக்கொண்டு முழுப் பாயோடு போவீர்கள்.

அதனால் கரையிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். யார் முறையோ அவர்தான் அந்த மூன்று மணி நேரத்துக்குத் தண்டல். ஆனால் பாயைச் சுருக்குவது, வேகத்தைக் குறைப்பது, திரும்பிப் போவது, இந்த மூன்றிலும் இரண்டு பேரில் யாருக்குப் பயம் அதிகமோ அவர் சொல்வது நடக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, விடிந்த பிறகும் குத்திக்காட்டக் கூடாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். உங்கள் படகில் பயந்தவர் சொல் அம்பலம் ஏறட்டும். இதில் நஷ்டம் என்ன? பாயைச் சுருக்கினால் ஒரு மணி நேரம் தாமதமாகும். சுருக்காமல் விட்டால், கிழிந்த பாயை இருட்டில் மேலே போய் இறக்கப்போவது உங்கள் இருவரில் ஒருவர்தான். மேலே போனவர் கடலில் விழுந்தால் தேடுவதற்கு மிச்சம் இருப்பதும் ஒரே ஆள்தான்.

ஆகவே இன்னொன்று. தூங்குகிறவரை எழுப்பாமல் காக்பிட்டை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது, ஒரு கயிற்றைச் சரிசெய்யக்கூட. இருட்டினால் உடம்பில் கட்டிய ஹார்னஸ் வாரின் கொக்கியைப் படகோடு மாட்டாமல் படியேறக் கூடாது. பாவம் தூங்கட்டும் என்று இரக்கப்பட்டு எழுப்பாமல் போகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். பொழுது சாய்வதற்கு முன், காற்று நன்றாக இருந்தாலும், பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிடு. காற்று ஏறவே இல்லையென்றால் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினீர்கள் என்று இருக்கட்டும்.

மாதம் எது என்று உன் கடிதத்தில் இல்லை. டிசம்பர் முடியும்வரை வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் கன்னியாகுமரியைத் தாக்கி, லட்சத்தீவு வழியாகத்தான் போனது. நம் கடற்கரைப் பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பவில்லை என்று உனக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தூத்துக்குடித் தோணியே கடலிறங்காது, நீ இறங்கவே கூடாது. ஜனவரி, பிப்ரவரி நல்லது. வளர்பிறையில் பன்னிரண்டு, பதிமூன்று நாள் ஆனபிறகு கிளம்பினால் இரண்டு இரவும் பின்னிரவு வரை நிலா இருக்கும். கேரளக் கரையை விட்டு வெளியே போகும்போது மீன்பிடி விசைப்படகும் வடக்கு தெற்காகப் போகும் கப்பலும் கூட்டமாயிருக்கும். முதல் ராத்திரி கண் விழித்துப் பார்க்க வேண்டிய இடம் அது. 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது அந்தப் பக்கத்துக் கடலில்தான்.

கவரத்தி போய்ச் சேரும் நேரத்தைத்தான் நீ இன்னும் யோசிக்கவில்லை. அங்கே தீவு கிழக்கில், காயல் மேற்கில், காயலைச் சுற்றிப் பவளப்பாறை. கொச்சியிலிருந்து வருகிற உனக்கு முதலில் தெரிவது தென்னை. நங்கூரம் போட இடமில்லாமல் அடி திடீரென்று ஆழத்துக்கு இறங்கும் பக்கம் அது. சுற்றிக்கொண்டு மேற்கே போய் வாய்க்கால் வழியாக நுழைய வேண்டும். பாறை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சூரியன் உச்சியில் ஏறி உன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மேற்கிலிருந்து கிழக்கே நுழைகிறாய் என்பதால் அது உச்சி தாண்டிய நேரம். நீலம் ஆழம், பழுப்பு பாறை. அதனால் முதல் நாள் மாலை நான்கு மணிக்குப் புறப்படு. கணக்குப் பிசகாவிட்டால் மூன்றாம் நாள் காலை பதினொன்றுக்குத் தீவு தெரியும். பௌர்ணமியை ஒட்டி வாய்க்காலில் நீரோட்டம் கூடும், உள்ளூர்க்காரரைக் கேட்டு நுழை.

முந்திக்கொண்டு இருட்டிலேயே வந்துவிட்டால்? ஊர் விளக்கு தெரிகிறது, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று ஆசை வரும். போகாதே. வெளியே ஐந்தாறு மைல் தள்ளி நின்று விடியட்டும் என்று காத்திரு. முன்பாயைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கான் கட்டையை மறுபக்கம் பூட்டிவிட்டால் படகு பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தபடி அடங்கி நிற்கும். ஆட்டம் சட்டென்று குறையும். சமைத்துச் சாப்பிடக்கூட முடியும். இதைக் கொச்சியிலேயே பலமுறை செய்து பழகு. நடுவழியில் இரண்டு பேருக்குமே முடியாமல் போனாலும் இதே வைத்தியம்தான்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள். சாத்தூர்ச் சேவு மூட்டை மூட்டையாகக் கொண்டுபோவாய் என்று தெரியும். வயிறு கடலுக்குப் பழகும்வரை முதல் நாள் அதைத் தொடாதே.

இரண்டே பேராகப் போன இன்னொரு ஜோடியின் கதையும் கேள். மாரிஸ், மாராலின் பெய்லி என்று ஓர் ஆங்கிலேயத் தம்பதி. பனாமாவிலிருந்து கலாபகோஸ் தீவுகளுக்குப் பாய்ப்படகில் போனார்கள். 1973 மார்ச் 4 விடியலில் திமிங்கலம் இடித்துப் படகு மூழ்கியது. ரப்பர் மிதவையிலும் சின்னப் படகிலும் 117 நாள், ஆமையும் மீனும் தின்று, கடைசியில் ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் கண்டு ஏற்றியது. அதற்குமுன் பல கப்பல்கள் அவர்களைக் காணாமலே தாண்டிப் போயின. அவர்களிடம் செய்தி அனுப்பும் ரேடியோ இல்லை; உலகத்தின் தொந்தரவு வேண்டாம் என்று அவர்களாகவே வைத்துக்கொள்ளவில்லை. உன் கடிதத்தில் "போனை அணைத்துவிட்டு நாங்கள் மட்டும்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வந்தது. போனை அணைத்துக்கொள். ஆபத்தில் கூப்பிடும் விஎச்எஃப் ரேடியோவின் சேனல் 16-ஐ அணைக்காதே.

அனுமதிச் சீட்டு இல்லாமல் லட்சத்தீவில் இறங்க முடியாது, அதை முதலில் முடி. கையில் நாளிருந்தால் எம்.வி. கவரத்தி கப்பலில் இரண்டு பேரும் ஒருமுறை பயணிகளாகப் போய் வாருங்கள். ராத்திரி மேல்தளத்தில் நின்று அந்தக் கடலைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது. பிறகு ஒரு தாளில் புறப்படும் நாள், நேரம், வழி, படகின் நிறம், பாயின் எண் எல்லாம் எழுதி அனுப்பு. எந்த நாள், எத்தனை மணிவரை உன் தகவல் வராவிட்டால் நான் கடலோரக் காவல்படையின் 1554-க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதில் நீயே எழுதிவிடு. அந்த மணி தாண்டினால் ஒரு நிமிஷமும் பொறுக்க மாட்டேன், அதனால் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா